முன்சீப் எழுதிக் கொடுத்த புருஷன்

ஆலங்கரட்டில் தவசிக்கு இருந்த மரியாதையில் முக்கால்வாசி அவருடைய கையெழுத்துக்கு உரியது. சுருளிப்பட்டிக்கு மேற்கே, மலையடிவாரத்தில், இருநூறு வீடுகள் உள்ள அந்த ஊருக்கு அவர் கிராம முன்சீப். தகப்பனார் பார்த்த வேலை. அவர் செத்ததும் இருபத்துநான்கு வயதில் மகனுக்கு வந்தது. அந்த வேலைக்கு என்ன தகுதி என்று சர்க்கார் கேட்டதில்லை. முன்சீப்புக்கு மகனாகப் பிறந்திருந்தால் போதும். ஆனால் தவசி படித்தவர். மதுரையிலிருந்து வாரம் ஒருமுறை பத்திரிகை வரவழைத்து, விளம்பரம்கூட விடாமல் வாசிப்பார். கையெழுத்துப் போடும்போது கடைசி எழுத்தின் வாலை நீளமாக இழுத்து, அதற்குக் கீழே இரண்டு கோடு போடுவார். அந்த இரண்டு கோட்டுக்காகவே சிலர் இரண்டு நாள் காத்திருந்தார்கள்.

ஆள் கெட்டவர் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெட்டவர்கள் செய்யும் அநியாயத்தை எதிர்த்து நிற்கலாம். கெட்டவர் அல்லாதவர்கள், தங்கள் வேலை போய்விடுமே என்று பயந்து செய்யும் அநியாயம்தான் இந்த நாட்டில் பெரும் பங்கு. அதை எதிர்த்து எங்கே போய் நிற்பது?

1927ஆம் வருஷம், அறுப்பு முடிந்து கூலிக்காரர்களுக்கு வேலை அற்றுப்போன மாசத்தில், இலங்கையின் கண்டிச்சீமைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கக் கங்காணி ராக்கையா ஊருக்குள் வந்தான். பதினோரு பேர் புறப்பட்டார்கள். இன்னார் இந்த ஊர், சம்மதித்துத்தான் போகிறார் என்று முன்சீப் கையெழுத்துப் போட்டால்தான் கப்பலுக்கு அனுப்பும் மண்டபம் முகாமில் ஏற்றுக்கொள்வார்கள். அந்தப் பதினோரு பேரில் மாயக்காள் ஒருத்தி. பதினாறு வயது. தகப்பன் இல்லை. தாயும் அண்ணன் மலைச்சாமியும் ஊரில் இருந்தார்கள். இளம்பெண் தனியாகப் போனால் முகாமில் ஆயிரம் கேள்வி கேட்பார்கள் என்று ராக்கையாவுக்குத் தெரியும். அதற்கு அவனிடம் ஒரு வழக்கம் இருந்தது. கூட்டத்தில் தனியாக வருகிற ஒரு ஆணைப் பார்த்து அவளுக்கு ஜோடி சேர்த்துக் காகிதத்தில் எழுதிவிடுவான். பள்ளத்தாக்கில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம்தான். அப்படிச் சேர்ந்த ஆணுக்கு 'வழிப்புருசன்' என்று பெயர்.

மாயக்காளுக்கு வாய்த்த வழிப்புருசன் சின்னக்கருப்பு. அவன் பெண்சாதி அன்னத்தாய் கைக்குழந்தையோடு ஊரில் தங்கிவிட்டாள்.

"ஏலே சின்னக்கருப்பு, கேம்புல கேட்டா இவ ஒம் பொண்டாட்டி. வெளங்குதா?" என்றான் ராக்கையா.

"ஐயையோ கங்காணி, அன்னத்தாய்க்குத் தெரிஞ்சா வெளக்கமாறு பிஞ்சு போகும்."

"அன்னத்தாயா கேம்புல வந்து ஒக்காந்திருக்கா? கப்பல விட்டு எறங்குனதும் அவ யாரோ நீ யாரோ. வழிக்கு மட்டும் புருசன்டா. அதுக்கு ஏன் இப்படி வேர்க்குது ஒனக்கு?"

எல்லாரும் சிரித்தார்கள். மாயக்காளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தவசியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே, "சின்னக்கருப்பு மனைவி மாயக்காள்" என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, இரண்டு கோடு இழுத்தார்.

"பின்னால ஏதும் வராதே, ராக்கையா?"

"கப்பலோட சரி முன்சீப்பு. கரையேறுன பெறகு இந்தக் காகிதத்த ஆரு கேக்கப் போறாக?"

பஸ் சீட்டைப் போல, இறங்கியதும் கிழித்து எறிவதுதான் காகிதம் என்று அவர்கள் நினைத்தார்கள். கூலிக்காரர்கள் அப்படி நினைத்ததில் குற்றமில்லை. தவசிக்குத் தெரிந்திருக்க வேண்டும். சர்க்கார் எந்தக் காகிதத்தையும் கிழிப்பதில்லை. அவர் வீட்டு மச்சிலேயே தாத்தா காலத்துக் காகிதங்கள் கட்டுக் கட்டாகக் கிடந்தன.

அக்கரையில் வழிப்புருசனும் வழிப்பெண்சாதியும் கங்காணி சொன்னபடியே பிரிந்துவிட்டார்கள். சில வருஷத்துக்குப் பிறகு மாயக்காள் அதே தோட்டத்தில் இருந்த போடிப் பக்கத்துக் கருத்தக்கண்ணனைக் கட்டிக்கொண்டாள். ஒரு பெண் பிறந்தது. கருத்தம்மாள் என்று பெயர் வைத்தார்கள். சின்னக்கருப்பு மலைக்காய்ச்சல் வந்து முப்பத்தைந்தாம் வருஷமே ஊர் திரும்பி, அன்னத்தாயின் வசவுகளுக்கு நடுவில் சுகமாகக் குடியிருந்தான்.

1939 ஆனி மாதம். தாய் சாகக் கிடக்கிறாள் என்று செய்தி போய், மாயக்காள் மட்டும் புறப்பட்டு வந்தாள். மூன்று பேருக்குக் கப்பல் செலவு கட்டாது. தோட்டத்தில் லீவும் ஒருத்திக்குத்தான். ஆறு வயது மகளைப் புருஷனிடம் விட்டு வந்தாள். வந்த நாலாம் நாள் தாய் கண்ணை மூடினாள். உடனே திரும்பியிருந்தால் அவள் தப்பியிருப்பாள். "பதினாறாம் நாள் காரியம் முடியாம போனா ஆத்தா நெஞ்சு வேகுமா?" என்று அண்ணன் பிடித்து வைத்தான். செத்தவளின் நெஞ்சு வேகவேண்டும் என்பதற்காக, உயிரோடு இருப்பவள் பிள்ளையை விட்டு இன்னும் பதினாறு நாள் உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு நாள் நட்சத்திரம் பார்த்ததில் மேலும் ஒரு வாரம். அதற்குள் சட்டம் முந்திக்கொண்டது.

இலங்கையில் அப்போது இந்தியக் கூலிகளைப் பற்றித்தான் பேச்சு. இந்தியன் வந்து எங்கள் பிழைப்பைக் கெடுக்கிறான், ஓட்டும் கேட்கிறான், அனுப்பிவிடு என்றது அங்கே ஒரு கட்சி. தோட்டத்துத் துரைமார், ஆள் வேண்டும், ஆனால் ஆளுக்கு ஓட்டு வேண்டாம் என்றார்கள். இங்கே இருந்தவர்கள், நம் மானம் போகிறது, இனி ஒரு கூலியும் அங்கே போகக் கூடாது, தடை போடு என்றார்கள். மூன்று கட்சிக்கும் ஒரே ஒரு விஷயத்தில் ஒற்றுமை இருந்தது: போகிறவளை ஒரு வார்த்தை கேட்க வேண்டியதில்லை.

ஆலங்கரட்டுச் சாவடி முன்னாலும் ஒரு கண்டனக் கூட்டம் நடந்தது. தலைமை, தவசி. பேசியவர், மலைமேல் நூறு ஏக்கர் ஏலத்தோட்டம் வைத்திருந்த வியாபாரி சுயம்புலிங்கம். "நம் சகோதரிகளை நாயை விரட்டுவதுபோல் விரட்டுகிறான்" என்று அவர் மேசையைக் குத்தினார். தவசிக்கு மெய்சிலிர்த்தது. கைதட்டல் ஓய்ந்தபோது, பெண்கள் பக்கத்திலிருந்து மாயக்காள் எழுந்தாள்.

"ஐயா, ஆரும் போகக் கூடாதுங்கிறீக. அங்கன இருந்து இப்பத்தான் வந்தவுக என்ன செய்ய?"

"ஒன் மானத்துக்காகத்தான் ஆத்தா பேசிக்கிட்டிருக்கோம்" என்றார் சுயம்புலிங்கம்.

"எம் மானம் கெடக்கட்டும்யா. எம் மக அங்கன இருக்கா."

"அவளையும் இங்கன வரச்சொல்லு. நம்ம ஏலத்தோட்டத்துல வேலைக்கா பஞ்சம்?"

கூட்டம் சிரித்தது. தவசி கையைத் தூக்கி, "ஒக்காரு தாயி, ஒக்காரு" என்றார். தடை வேண்டும் என்ற தீர்மானத்தில் முதல் கையெழுத்து அவருடையது. ஆவணி பிறப்பதற்குள் தடை வந்தது. அந்த வருஷம் கண்டிக்குப் போக வழியில்லாத ஆட்களெல்லாம் சுயம்புலிங்கத்தின் தோட்டத்துக்குத்தான் மலை ஏறினார்கள். அவர்களில் மாயக்காளும் ஒருத்தி. கூலியை அவர் ஓரணா குறைத்தார். தேசத்தின் மானத்துக்குச் செலவு இருக்கத்தானே செய்யும்?

மூன்று வருஷம் அவள் அட்டைக் கடியோடு ஏலக்காய் எடுத்தாள். ஊரில் அவளுக்குக் 'கண்டிக்காரி' என்று பெயர் விழுந்திருந்தது. கருத்தக்கண்ணனிடமிருந்து வருஷத்துக்கு இரண்டு கடிதம் வரும். எழுதப் படிக்கத் தெரியாத மலைச்சாமி அவற்றைத் தவசியிடம்தான் கொண்டு வருவான். 'கருத்தம்மாள் பல் விழுந்து முளைத்துவிட்டது', 'கருத்தம்மாள் உன் முகம் மறந்துபோச்சு என்கிறாள்' என்பதையெல்லாம் மாயக்காளுக்கு வாசித்துச் சொன்னவர் அவர்தான். ஆகையால், தெரியாமல் செய்தேன் என்று சொல்ல அவருக்குப் பிற்பாடு இடமில்லாமல் போயிற்று.

நாற்பத்திரண்டின் கடைசியில் தடை கொஞ்சம் தளர்ந்தது. புருஷனும் பிள்ளையும் அக்கரையில் இருப்பதாக ஊர் முன்சீப் அத்தாட்சி கொடுத்தால், அப்படிப்பட்டவர்களைத் திரும்பப் போக விடலாம் என்றார்கள். மாயக்காள் மலையிலிருந்து இறங்கி ஓடி வந்தாள்.

"எம் புருசன் பேரு கருத்தக்கண்ணன்னு எழுதுங்க முன்சீப்பு. மக பேரு கருத்தம்மா. ஒங்களுக்குத்தான் எல்லாந் தெரியுமே."

தெரியும். அதுதான் சங்கடம். முன்னால் போனபோது எழுதிய காகிதம் என்ன சொல்கிறது என்ற கேள்வியும் அத்தாட்சிப் பாரத்தில் இருந்தது. அந்தக் காகிதத்தில் அவள் சின்னக்கருப்பு மனைவி. எழுதியது இதே கை. இப்போது கருத்தக்கண்ணன் என்று எழுதினால் அப்போது எழுதியது பொய் என்று ஆகும். பக்கத்து ஊர் முன்சீப் ஒருவருக்குப் போன வருஷம்தான் பொய் அத்தாட்சிக்காக வேலை போயிருந்தது. தவசி, "நாளைக்கு வா" என்றார். மறுநாளும் "நாளைக்கு வா" என்றார். மூன்றாம் நாள் கதவைச் சாத்திக்கொண்டு எழுதினார்: 'மேற்படி மாயக்காளின் புருஷன் சின்னக்கருப்பு இவ்வூரிலேயே வசித்து வருகிறான்.'

ஒரு வரிதான். பழைய காகிதத்தோடு பொருந்திய வரி. வாசித்துப் பார்த்தபோது அதில் எந்தத் தவறும் தெரியவில்லை. சின்னக்கருப்பு இவ்வூரில்தானே வசிக்கிறான் என்றுகூட அவர் தமக்குள் சொல்லிக்கொண்டார்.

வாசலில் நின்றவள், "எழுதியாச்சா?" என்று கேட்டாள்.

"எழுதியாச்சு."

"நீங்க நல்லா இருப்பீக. எம் மக ஒங்க பேரச் சொல்லிக்கிட்டே இருப்பா" என்று கும்பிட்டாள். தவசி அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டது அவருக்குச் சாகும்வரை மறக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. புருஷன் ஊரிலேயே இருப்பதால் அனுமதி இல்லை. செய்தி எப்படியோ அன்னத்தாயின் காதுக்குப் போயிற்று. அவள் சின்னக்கருப்பை வேட்டி முனையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சாவடிக்கு வந்தாள். பாதி ஊர் அங்கே கூடியிருந்தது.

"முன்சீப்பு! எம் புருசன எப்ப இவளுக்கு எழுதிக் கொடுத்தீக? எனக்கு ஒரு வார்த்த சொல்லி இருந்தா சீதனமும் சேத்துக் கொடுத்திருப்பேன்ல?"

"சத்தம் போடாத அன்னத்தாயி, இது சர்க்கார் விசயம்..."

"சர்க்கார் வந்தா இவனுக்குக் கஞ்சி ஊத்துச்சு? காய்ச்சல்ல கெடந்தவனத் தூக்கி ஒக்கார வச்சு ஊத்துனது நானு! ஏலே, நீ சொல்லு, நீ ஆரு புருசன்?"

"ஒனக்குத்தான் தாயி, ஒனக்குத்தான்" என்றான் சின்னக்கருப்பு. "கேம்பும் கப்பலும் சேந்து ஒரு வாரங்கூட ஆகல. நான் பூரா வாந்திதான் எடுத்துக்கிட்டிருந்தேன். அந்தப் புள்ள மொகத்தக்கூடச் சரியாப் பாக்கல."

ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. மாயக்காள் சிரிக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு தவசிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"ஒங்களுக்குத் தெரியும்ல?"

"காகிதத்துல அப்படித்தான் இருக்கு, மாயக்கா."

"அந்தக் காகிதத்த ஆரு எழுதுனது?"

அன்னத்தாய்கூடப் புருஷனின் வேட்டியை விட்டுவிட்டாள். கொஞ்ச நேரத்தில் யாரோ பெரிய மனுஷன் ஒருவன், "அவ தலையெழுத்து அப்படி இருக்கு, முன்சீப்பு என்ன செய்வாக?" என்றான். மற்றவர்களும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். பிரமன் என்ற ஒருவன் இருந்து, அவன் நம் மண்டையில் எழுதுகிறான் என்றே வைத்துக்கொள்வோம். கடைசி எழுத்தின் வாலை இழுத்துக் கீழே இரண்டு கோடு போடும் பழக்கம் அவனுக்கு இல்லை. அதை அங்கே இருந்த ஒருவரும் சொல்லவில்லை. தவசிக்கு மட்டும் தெரிந்தது. யாராவது தன்னைக் காறித் துப்பியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தார். துப்பாமல், அவருக்காகப் பரிந்து பேசினார்கள். அது அவரைக் கூசவைத்தது.

அன்றைக்கே ஒரு வாக்குமூலம் எழுதினார். 1927இல் கங்காணி சொன்னபடி பொய்யாக எழுதினேன். இப்போதும் அதை மறைக்கவே எழுதினேன். இந்தப் பெண்ணின் புருஷன் இன்னார் தோட்டத்தில் இருக்கிறான். நாலு வரியில் எல்லாம் முடிந்துவிட்டது. மறுநாள் காலை, யுத்த காலத்தில் பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடிய பஸ்ஸில், மேட்டுக்கு மேடு இறங்கித் தள்ளிக்கொண்டு, தாலுகா கச்சேரிக்குப் போய்ச் சேர்ந்தார்.

அதிகாரி அதை இரண்டு தடவை வாசித்தார். பிறகு மேசையின்மேல் தவசி பக்கமாகவே தள்ளினார்.

"ஓய், ஒமக்குப் புத்தி ஏதும் கெட்டுப்போச்சா?"

"உண்மைய எழுதியிருக்கேனுங்க."

"உண்மைதான். இத நான் வாங்கினா ஒம்ம வேலை போகும். அதோட போகுமா? நீர் இதுவரைக்கும் எத்தன பேருக்கு அத்தாட்சி கொடுத்திருக்கீர்?"

"அறுபது, எழுபது இருக்கும்."

"அத்தனையும் சந்தேகம்னு ஆகும். அவங்களையெல்லாம் கெளறணும். ஒரு கூலிக்காரிக்காக எழுபது பேரக் கெடுக்கப்போறீரா? வச்சுக்கிட்டு வீடு போய்ச் சேரும்."

எழுபது பேர் என்ற வார்த்தை தவசிக்குப் பிடித்துக்கொண்டது. அவர் காகிதத்தை எடுத்தார். மடித்தார். பைக்குள் வைத்தார். வெளியே வந்து வேப்பமர நிழலில் நின்றபோது, தலையிலிருந்து ஒரு மூட்டை இறங்கியதைப்போல் இருந்தது. அது நிம்மதி என்று புரிந்ததும் உடம்பெல்லாம் எரிந்தது. எழுபது பேர்மேல் அவருக்கு அதுவரைக்கும் அக்கறை இருந்ததில்லை. அந்த அதிகாரி சொல்லும்வரை அந்த எண்ணிக்கைகூட அவருக்கு நினைவில் இல்லை. வேலை போகாது என்று தெரிந்ததில் வந்த நிம்மதி அது. அவ்வளவுதான்.

ஊருக்கு வந்ததும் நேராக மலைச்சாமி வீட்டுக்குப் போனார். மாயக்காள் களத்தில் சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள்.

"கச்சேரிக்குப் போனேன் மாயக்கா. உள்ளது உள்ளபடி எழுதிக்கிட்டுப் போனேன்."

முறம் நின்றது.

"வாங்குனாகளா?"

"வாங்க மாட்டேன்னுட்டாக. எழுபது பேருக்குக் கெடுதல் வருமாம்."

அவள் அவரைப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை. கணக்கில் எங்கேயோ உதைக்கிறது என்று யோசிப்பதுபோலப் பார்த்தாள்.

"மேச மேல வச்சுட்டு வந்திருக்கலாம்ல?"

வேப்பமரத்தடியில் அவரே தம்மைக் கேட்டுக்கொண்ட கேள்வி அது. அதே வார்த்தைகள். அவள் மறுபடி புடைக்க ஆரம்பித்தாள். உமி அவர் வேட்டியில் வந்து விழுந்தது. அவர் நகரவும் இல்லை, தட்டிவிடவும் இல்லை.

ஒரு வாரத்துக்குள் மாயக்காள் ஊரில் இல்லை. கிழக்கே ஏதோ ஒரு துறையில் கள்ளத்தோணி ஏறிவிட்டாள் என்று பேசிக்கொண்டார்கள். யுத்த காலம், கடலில் காவல். தோணி கவிழ்ந்தது என்று ஒரு வாரம் ஒரு பேச்சு. பிடிபட்டாள் என்று மறுவாரம் ஒரு பேச்சு. கள்ளத்தோணி ஏறிப் போகிறவர்களைப் பற்றித் தவசியின் பத்திரிகையும் எழுதிற்று. சட்டத்தை மதிக்காத கூட்டத்துக்கு இரக்கம் காட்டுவது சரியா என்று அதில் ஒருவர் கேட்டிருந்தார். முன்பாக இருந்தால் தவசியும் தலையாட்டியிருப்பார். இப்போது, அவள் சட்டத்தின் வாசலில் மூன்று நாள் நின்றது அவருக்குத் தெரியும். கதவைச் சாத்தியவரையும் தெரியும். பத்திரிகையை வேண்டாம் என்று எழுதிப் போட்டுவிட்டார்.

வேலையை அவர் விடவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். வரி தண்டினார், பிறப்பு இறப்பு எழுதினார். கையெழுத்தின் கீழே போடும் கோடுகளை மட்டும் நிறுத்தினார். ஊரில் ஒருவரும் கவனிக்கவில்லை.

ஒன்றரை வருஷம் கழித்து, நாற்பத்துநாலில், மலைச்சாமி ஒரு கடிதத்தோடு வந்தான். கூடவே அவன் பெண்சாதி பாண்டியம்மாளும் வந்தாள்.

"கண்டி கடுதாசி முன்சீப்பு. தங்கச்சியா இருக்குமோன்னு பயமா இருக்கு. நல்ல சேதியோ கெட்ட சேதியோ, படிங்க."

தோட்டத்தில் யாரோ எழுதிக் கொடுத்த கடிதம். பேசுவது மாயக்காள்தான். தவசி சத்தமாக வாசித்தார். வந்து சேர்ந்தேன். கொழும்புப் பட்டணத்தில் குண்டு விழுந்தபோது பயந்துபோய்த் தோட்டத்தை விட்டு ஓடியவர்கள் நிறையப் பேர். கொழுந்து எடுக்க ஆள் இல்லை. அதனால் துரை ஒரு காகிதமும் கேட்கவில்லை. மறுநாளே பேர் போட்டுக்கொண்டார்.

தவசி நிறுத்தினார். ஒரு காகிதமும் கேட்கவில்லை. அவர் எழுதிய பொய்யும் வேண்டியிருக்கவில்லை, எழுதிக் கொடுக்காத உண்மையும் வேண்டியிருக்கவில்லை. ஆள் தேவைப்பட்டபோது கதவு திறந்துவிட்டது. இடையில் இருந்த வருஷங்கள் மட்டும் போயின.

"மேல படிங்க" என்றாள் பாண்டியம்மாள்.

கருத்தம்மாளுக்கு இப்போது பதினோரு வயது. கூடை கட்டிக் கொழுந்து எடுக்கிறாள். நான் லயத்து வீட்டுக்குள் போனபோது, 'யாரு வேணும்?' என்று கேட்டாள். இப்போது அம்மா என்கிறாள். ராத்திரி மட்டும் அவள் அப்பா பக்கத்தில்தான் படுக்கிறாள். போகப் போகச் சரியாகும்.

பாண்டியம்மாள் மூக்கைச் சிந்தினாள். மலைச்சாமி, "வேற?" என்றான்.

இன்னும் இரண்டு வரி இருந்தது. தவசியின் கண் முன்னதாகவே அங்கே போய்விட்டது. தன்னைப் பற்றி அவள் ஏதாவது சொல்லியிருப்பாளோ என்று தேடிக்கொண்டேதான் அவர் வாசித்து வந்தார். சொல்லியிருந்தாள். எதிரில் இருந்த இருவருக்கும் எழுத்துத் தெரியாது. 'சுகத்துக்குப் பதில் எழுதவும்' என்று சொல்லி மடித்துக் கொடுத்தால் முடிந்தது. தாள் அவர் கையில்தான் இருந்தது, எப்போதும்போல.

"வேற ஒண்ணும் இல்லையா?" என்று மலைச்சாமி மறுபடியும் கேட்டான்.

"இருக்கு" என்றார் தவசி. குரலை ஏற்றாமல் இறக்காமல் வாசித்தார்:

"அண்ணே, இனி நம்ம வீட்டுக் காரியம் எதுக்கும் முன்சீப்புகிட்டப் போக வேண்டாம். இந்தக் கடுதாசியும் அவரிடம் கொடுக்காமல் வேறு யாரையாவது வைத்துப் படித்துக்கொள்ளவும்."

மலைச்சாமி கை நீட்டினான். தவசி கடிதத்தைக் கொடுத்தார். பாண்டியம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு முதலில் எழுந்தாள். மலைச்சாமி கடிதத்தை மடியில் செருகிக்கொண்டு அவள் பின்னால் படி இறங்கினான்.